மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு வரும் நல்ல மாற்றம்: எது நிஜம், எது ஒப்புக்கு

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஓரிரு வருடம் ஆன பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால், பலர் இரண்டு விஷயங்களை அடுத்தடுத்துச் சொல்வார்கள். "எதிரிக்குக்கூட இந்த வியாதி வரக்கூடாது" என்பது முதலாவது. மூச்சு விடுவதற்குள் இரண்டாவதும் வந்துவிடும்: "ஆனா ஒண்ணு, முன்ன மாதிரி எல்லாத்துக்கும் பயந்துக்கிட்டு இருக்கறதில்ல இப்ப." கேட்பவர்களில் சிலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பரிதாபப்படுகிறார்கள். வேறு சிலர் இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, "நோய் வந்ததும் நல்லதுக்குத்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே அரைகுறைக் காது. துயரமும் தேறுதலும் ஒரே ஆளிடம், ஒரே நாளில், அருகருகே இருக்க முடியும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

இதை வெறும் ஆறுதல் பேச்சாகத் தள்ளிவிட முடியாததற்குக் காரணம், இதில் அடங்கியிருக்கும் எண்ணிக்கை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2022இல் மட்டும் ஏறத்தாழ 23 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் கண்டறியப்பட்டது. சுமார் 6,70,000 பேர் இறந்தார்கள். நோய் பரவுவதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பல வருடங்கள் வாழ்கிறார்கள். ஹார்மோன் மாத்திரை தேவைப்படுபவர்களுக்கு அது 5 முதல் 10 வருடம் வரை தொடர்கிறது. அத்தனை வருடத்தை எப்படி வாழ்வது என்பதை மருந்துச் சீட்டு சொல்வதில்லை.

ஆய்வாளர்கள் இதை எப்படிக் கவனித்தார்கள்

அமெரிக்க உளவியலாளர் ஷெல்லி டெய்லர் 1983இல் வெளியிட்ட ஆய்வுதான் இன்றைக்கும் எடுத்துப் பேசப்படுகிறது. மார்பகப் புற்றுநோய் வந்த 78 பெண்களை அவருடைய குழு விரிவாகப் பேட்டி எடுத்தது. மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன: இது ஏன் வந்தது, இதற்கு என்ன அர்த்தம் என்ற தேடல், வாழ்க்கையின் பிடி மறுபடியும் தன் கைக்கு வர வேண்டும் என்ற முயற்சி, தன்னைப் பற்றிய மதிப்பைத் தூக்கி நிறுத்தும் வேலை. மூன்றாவது நடக்கும் விதம் சுவையானது. கட்டியை மட்டும் அகற்றிக்கொண்டவர், மார்பகம் முழுவதையும் இழந்தவரோடு தன்னை ஒப்பிட்டு, "என் நிலைமை தேவலை" என்பார். வயதானவர் இளம்பெண்ணோடு ஒப்பிட்டு, "பாவம், அந்தப் பிள்ளைக்கு முழு வாழ்க்கையும் பாக்கி இருக்கு" என்பார். எந்த நிலையில் இருந்தாலும், தன்னைவிடக் கஷ்டப்படும் ஒருவரை மனம் கண்டுபிடித்துக்கொள்கிறது. இந்த நம்பிக்கைகளில் சில உண்மைக்குப் பொருந்தாதவை என்பதையும் டெய்லர் மறைக்கவில்லை. ஆனாலும் அவை ஆளைத் தாங்கிப் பிடித்தன.

அடுத்த பெரிய அடி 1996இல். ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்ற இரு உளவியலாளர்கள், அதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சியை, அதாவது பெரிய துன்பத்துக்குப் பின் ஒருவரிடம் வரும் நல்ல மாற்றத்தை, அளக்க 21 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண்; மொத்தம் 105. பிறரோடான உறவுக்கு 7 வாக்கியங்கள், புதிய வழிகளுக்கு 5, தன் பலத்துக்கு 4, வாழ்க்கையின் அருமைக்கு 3, ஆன்மிக மாற்றத்துக்கு 2. இந்த ஐந்தும் ஒன்றாக வளர்வதில்லை என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு உறவு நெருக்கமாகும், வேலையில் ஒன்றும் மாறாது. இன்னொருவருக்குத் துணிச்சல் கூடும், கடவுள் நம்பிக்கை குறையும். "நான் மாறவே இல்லையே" என்று கவலைப்படுபவர் பெரும்பாலும் ஐந்தில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறார்.

2001இல் கோர்டோவாவும் சகாக்களும் ஒரு ஒப்பீடு செய்தார்கள். நோய் வந்து சிகிச்சை பெற்ற 70 பேர் ஒரு பக்கம். அதே வயது, அதே படிப்புள்ள ஆரோக்கியமான 70 பெண்கள் மறுபக்கம். உறவு, வாழ்க்கையின் அருமை, ஆன்மிகம் மூன்றிலும் நோய் கண்டவர்கள் அதிக மாற்றத்தைச் சொன்னார்கள். மனச்சோர்வில் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதைவிட முக்கியம், ஒருவர் எவ்வளவு வளர்ந்ததாகச் சொன்னார் என்பதற்கும் அவர் எவ்வளவு வேதனையில் இருந்தார் என்பதற்கும் தொடர்பே தென்படவில்லை. நோயால் உயிர் போய்விடும் என்று உணர்ந்தவர்களும், நோயைப் பற்றிப் பிறரிடம் பேசியிருந்தவர்களும் அதிக வளர்ச்சியைச் சொன்னார்கள். பேசுவது இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரும்.

ஏன் நடக்கிறது

நோய் மட்டும் யாரையும் மாற்றுவதில்லை. மாற்றுவது, நோய் கலைத்துப்போட்ட கணக்குகளை மறுபடி போடும் வேலை. "ஒழுங்காகச் சாப்பிட்டேன், நடந்தேன், குடும்பத்தில் யாருக்கும் இல்லை, எனக்கு வராது" என்பது சொல்லாமலே நாம் வைத்திருக்கும் கணக்கு. இந்த நோய் வருபவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் வந்ததில்லை. ஆகவே கணக்கு தப்பாவது பலருக்கும் நேர்கிறது. டெடெஸ்கியும் கால்ஹூனும் இதை நிலநடுக்கத்துக்கு ஒப்பிட்டார்கள்: அதிர்வில் விழுந்த கட்டடத்தை அதே இடத்தில் அதே வரைபடத்தில் கட்டுவதில் பயன் இல்லை, எதைத் தாங்க வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

இந்த மறுகட்டுமானம் நடப்பது யோசனையில். அதிலும் இரண்டு வகை உண்டு. ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்காமல் வந்து நிற்கும் எண்ணம் ஒன்று: ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய அந்த நிமிடம், மருத்துவரின் முகம், "மறுபடியும் வந்தால்?" இன்னொன்று, பகலில் நாமாக உட்கார்ந்து யோசிப்பது: இனி எதற்கு நேரம் தரப் போகிறேன், யாரிடம் உதவி கேட்பேன், எதை விடப் போகிறேன். வளர்ச்சியோடு அதிகம் சேர்ந்து வருவது இரண்டாவது வகை. ஆனால் முதல் வகை இல்லாமல் இரண்டாவது தொடங்குவதும் அரிது. ஆரம்ப வாரங்களில் எண்ணங்கள் வந்து மோதுவது கோளாறு அல்ல. மாதங்கள் போன பிறகும் அவை அதே வடிவில், அதே வாக்கியத்தில் சுற்றிக்கொண்டிருந்தால்தான் சிக்கல்.

எப்போது வரும் என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். கண்டறிந்த முதல் வாரங்களில் பயாப்ஸி, ஸ்கேன், அறுவைசிகிச்சை முடிவு என்று தலைக்கு மேல் வேலை, யோசிக்கவே இடமிருக்காது. கீமோ நாட்களில் உடம்பு அடுத்த வேளையைத் தாண்டி யோசிக்க விடாது. எல்லாம் முடிந்த அன்று நிம்மதி வரும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலும் அன்றுதான் பள்ளம். வாராவாரம் பார்த்த நர்ஸ் இனி இல்லை, விசாரித்த சொந்தக்காரர்கள் "அதான் முடிஞ்சிடுச்சே" என்று போய்விடுவார்கள், முடி இன்னும் முளைத்திருக்காது. அதற்கு அடுத்த ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரைதான் யோசனை பதப்படுகிற காலம். 2004இல் வெளியான ஷாரன் மேனின் ஆய்வு 162 தம்பதிகளை ஒன்றரை வருடம் தொடர்ந்தது. அந்தக் காலத்தில் நோய் வந்த பெண்களிடமும் துணைவர்களிடமும் வளர்ச்சி கூடிக்கொண்டே போனது. சிகிச்சையின் நடுவில் இருப்பவரிடம் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்பது, பரீட்சை எழுதிக்கொண்டிருப்பவரிடம் மார்க் கேட்பதற்குச் சமம்.

எது நிஜம் என்று எப்படித் தெரியும்

வினாத்தாளில் "மாறிவிட்டேன்" என்று டிக் அடிப்பதும் மாறியிருப்பதும் ஒன்றா? பாட்ரிசியா ஃப்ரேஸியர் குழு 2009இல் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தது. ஒரு துயர நிகழ்வுக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்ததில், அவர்கள் சொன்ன வளர்ச்சிக்கும் அளவில் தெரிந்த மாற்றத்துக்கும் பொருத்தம் மிகக் குறைவு. அவர்கள் புற்றுநோயாளிகள் அல்ல, ஆனாலும் எச்சரிக்கை செல்லும். அதற்கு ஐந்து வருடம் முன்பே மேர்க்கர், சொல்னர் இருவரும் இந்த வளர்ச்சிக்கு இரட்டை முகம் உண்டு என்று எழுதியிருந்தார்கள்: ஒரு முகம் உண்மையாகவே வாழ்க்கையைத் திருத்துகிறது, மற்றது வலியை மூட உதவும் போர்வை.

போர்வை கெட்டது என்று சொல்ல முடியாது. குளிரும் நேரத்துக்கு அது தேவைதான். ஆனால் அதையே மருந்து என்று நினைத்துவிட்டால் தொல்லை. டோமிச், ஹெல்கெசன் இருவரின் 2004 ஆய்வில் 364 பெண்கள் இருந்தார்கள். நோயின் தீவிரம் அதிகமாக இருந்தவர்களில், ஆரம்பத்திலேயே நிறைய "நன்மைகளை"க் கண்டுபிடித்தவர்களின் மனநிலை பின்னால் மோசமாகவே இருந்தது. நிலைமை கடுமையாக இருக்கும்போது அவசரமாகப் பூசிய நம்பிக்கை, அடுத்த ஸ்கேனில் உதிர்ந்துபோவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

நடைமுறையில் பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. மாற்றத்தைச் சொல்லும் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அது கடந்த ஏழு நாளில் எங்கே தெரிந்தது என்று கேட்க வேண்டும். "குடும்பம்தான் முக்கியம்னு புரிஞ்சுக்கிட்டேன்" என்று ஒருவர் சொல்கிறார். சரி, போன வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரோடு? "செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு வேலையை மூடி வெச்சேன், பையனோட உட்கார்ந்து அவன் வரைஞ்சதைப் பார்த்தேன்" என்று பதில் வந்தால் அது நடந்திருக்கிறது. "இல்ல, மனசுல தோணுது" என்றால் அது இன்னும் ஆசை. ஆசை தப்பில்லை, அடுத்த வாரத்துக்கு ஒரு நாளும் நேரமும் குறித்தால் அதுவும் செயலாகும். "இல்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்" என்பவர் கடைசியாக யாரிடம் எதற்கு இல்லை என்றார்? பெயரும் காரியமும் நாவில் வராவிட்டால் கற்றல் பாக்கி இருக்கிறது.

எழுதிப் பார்ப்பது

யோசனையைச் சுழலிலிருந்து மீட்க எழுதுவது ஒரு வழி. அனெட் ஸ்டான்டன் 2002இல் ஆரம்ப நிலை நோயுள்ள 60 பெண்களை மூன்று குழுவாக்கினார். ஒரு குழு நோயைப் பற்றிய ஆழமான எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் எழுதியது. ஒரு குழு நல்ல எண்ணங்களை மட்டும். மூன்றாவது குழு சிகிச்சைத் தகவலை மட்டும். தலா 20 நிமிடம், நான்கு தடவை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், தகவல் மட்டும் எழுதியவர்களைவிட முதல் இரண்டு குழுக்களும் நோய் சார்ந்த தொந்தரவுகளுக்காக மருத்துவரிடம் போனது குறைவு. நுணுக்கம் எங்கே என்றால்: நோயைப் பற்றி நினைக்கவே விரும்பாமல் ஒதுங்கும் சுபாவமுள்ளவர்களுக்கு நல்லதை எழுதுவது பொருந்தியது, நேருக்கு நேர் பார்க்கும் சுபாவமுள்ளவர்களுக்கு உணர்ச்சியைக் கொட்டுவது பொருந்தியது. எல்லாருக்கும் ஒரே மருந்து இல்லை. பிற்பாடு பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, புற்றுநோயாளிகள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் எழுதுவதால் பொதுவான பலன் தெரியவில்லை. மனம்விட்டுப் பேச ஆளில்லாதவர்கள் முயன்று பார்க்கலாம், செலவும் இல்லை.

செய்முறை இது. அலாரத்தை 20 நிமிடத்துக்கு வையுங்கள். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். யாரும் படிக்கப் போவதில்லை, முடித்ததும் கிழித்துப் போடலாம் என்ற உறுதி இருந்தால்தான் உண்மை வெளிவரும். முதல் நாள் பெரும்பாலும் "பயமாக இருக்கிறது" என்று பொதுவாகவே வரும். அதன் கீழேயே "எப்போது?" என்று ஒரு கேள்வியைப் போடுங்கள். "செக்கப்புக்கு முதல் நாள் ராத்திரி, வெயிட்டிங் ஹாலில் என் பேரைக் கூப்பிடும்போது" என்று பதில் இறங்கிவரும். மூன்றாம் நாள் வாக்கில் "அப்போது நான் என்ன செய்தேன்?" என்ற கேள்வி. "தங்கச்சியைக் கூட வரச் சொன்னேன். இதுவரை யாரையும் எதற்கும் கூப்பிட்டதில்லை நான்." பயம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அதன் பக்கத்தில் ஒரு செயல் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தச் செயலைத்தான் தொடர வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவையே. எழுதிய உடனே மனம் கொஞ்சம் கனக்கும், ஓரிரு மணி நேரத்தில் இறங்கும். அதனால் தூங்கப் போகும் முன் எழுதக் கூடாது. நான்கு நாளும் ஒரே வாக்கியங்கள் திரும்பினால் அது எழுத்து இல்லை, சுழல்; நிறுத்திவிட்டு ஆளிடம் பேசுவது நல்லது. ஒரு விஷயம் தாங்க முடியாத அளவுக்குக் கலக்கினால் அதை விட்டு வேறொன்றை எழுதலாம். நோய் தெரிந்த வாரத்தில், அறுவைசிகிச்சை நடந்த வாரத்தில் இதை ஆரம்பிக்க வேண்டாம்.

எழுத்தைவிடப் பலமான ஆதாரம் உள்ளது குழுப் பயிற்சிக்கு. மயாமி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் அன்டோனி குழு, ஆரம்ப நிலை நோயுள்ள 100 பெண்களிடம் நடத்திய 10 வாரப் பயிற்சியின் முடிவு 2001இல் வந்தது. உடலைத் தளர்த்துதல், எண்ணத்தைச் சோதித்தல், கோபத்தைச் சொல்லும் முறை, உதவி கேட்கும் முறை ஆகியவைதான் பாடம். மனச்சோர்வு குறைந்தது, நோயிலிருந்து நன்மை கண்டதாகச் சொன்னவர்கள் கூடினார்கள். அதிகம் பலன் பெற்றவர்கள், தொடக்கத்தில் நம்பிக்கை குறைவாக இருந்தவர்கள்! பிறவியிலேயே சிரித்த முகம் இருந்தால்தான் தேற முடியும் என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை. கூடவே, மன அழுத்தத்தைக் கையாளும் திறமையைக் கற்றுக்கொடுத்தபோது நன்மை பக்கவாட்டில் வந்து சேர்ந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். நேராக அதையே துரத்துவதைவிட இது வசதியான பாதை.

உடம்பின் வழி

தன் பலம் என்ற அம்சம் தலைக்குள் மட்டும் வளர்வதில்லை. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களிடம் "அந்தக் கையால் கனமே தூக்காதே" என்று காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். கை வீங்கிவிடுமோ என்ற பயம் நியாயமானது. ஆனால் கேத்ரின் ஷ்மிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு பகுதியினர் வாரம் இரண்டு முறை படிப்படியாக எடை தூக்கினார்கள். வீக்கம் கூடியவர்களின் விகிதம் தூக்கியவர்களிடமும் தூக்காதவர்களிடமும் ஏறத்தாழ ஒன்றே: 11, 12 சதவீதம். வீக்கம் திடீரென மோசமாவது, தூக்கியவர்களிடம் 14 சதவீதம், மற்றவர்களிடம் 29. அவர்களுடைய வெற்றியில் மூன்று விஷயம் உண்டு: பயிற்சியாளரின் கண்காணிப்பு, மிகக் குறைந்த எடையில் தொடங்கியது, வீக்கத்தை அடக்க, அளவுக்குப் பொருந்தும் இறுக்கமான உறையைக் கையில் அணிந்தது. இந்த மூன்றையும் விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொள்வது ஆபத்து. கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது தொற்று. அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

புற்றுநோய்க்குப் பின்னான களைப்பு, பதற்றம், மனச்சோர்வு மூன்றுக்கும் 2019இல் சர்வதேச நிபுணர் குழு சொன்ன அளவு: வாரம் மூன்று நாள், தலா 30 நிமிடம் மிதமான நடை அல்லது அதற்கு ஈடான பயிற்சி, கூடவே வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி. மிதமான வேகம் என்றால் பேச முடியும், பாட முடியாது. கீமோ முடிந்த புதிதில் பத்து நிமிடமே போதும். இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து எடுத்தவர்களும், எலும்பு தேய்மானம் உள்ளவர்களும் முதலில் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். "நல்லா இருக்கிற நாளில்" மூன்று நாள் வேலையைச் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. நல்ல நாளிலும் அளவோடு, மோசமான நாளிலும் கொஞ்சமாவது என்று இருந்தால் களைப்பு வேகமாகக் குறையும்.

இதே அளவுக் கணக்கு பெரிய முடிவுகளுக்கும் பொருந்தும். வேலையை விடுவது, ஊரை மாற்றுவது, திருமணத்தை முறிப்பது போன்றவை சிகிச்சை முடிந்த முதல் மாதங்களில் தெளிவாகத் தெரிவது போலவே இருக்கும். களைப்பும், கீமோவுக்குப் பிந்தைய மறதியும், தூக்கமின்மையும் அந்தத் தெளிவில் கலந்திருக்கும். வீட்டில் வன்முறை இருந்தால் காத்திருக்கக் கூடாது. மற்றபடி புதிய பாதையை வாரம் இரண்டு மணி நேரத்தில் முதலில் சோதித்துப் பார்க்கலாம்.

"பாசிட்டிவா இரு" என்பதன் விலை

நல்ல மனசு இருந்தால் புற்றுநோய் தோற்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலானது, தவறானது. ஜேம்ஸ் கோய்ன் 2007இல் தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரை ஆராய்ந்தபோது, மனநிலைக்கும் உயிர் பிழைப்பதற்கும் தொடர்பு எதுவும் இல்லை. மார்பகப் புற்றுநோயிலேயே இந்தக் கதைக்கு ஒரு வரலாறு உண்டு. டேவிட் ஸ்பீகல் 1989இல் நோய் பரவிய 86 பெண்களை ஆராய்ந்து, குழு உளசிகிச்சை பெற்றவர்கள் அதிக காலம் வாழ்ந்ததாக எழுதினார், உலகமே பேசியது. 2001இல் பமேலா குட்வின் 235 பெண்களிடம் அதையே செய்தபோது ஆயுள் கூடவில்லை. 2007இல் ஸ்பீகலே மறுபடி செய்தார். அப்போதும் மொத்தத்தில் கூடவில்லை. ஆனால் குட்வினின் ஆய்வில் மனநிலை சீரானது, வலி குறைவாக உணரப்பட்டது. குழுவில் சேர அதுவே போதுமான காரணம்.

இந்த வேறுபாட்டைக் குடும்பம் புரிந்துகொள்வது அவசியம். "தைரியமா இருந்தா சரியாயிடும்" என்று கேட்டுக்கேட்டுப் பழகிய பெண், நோய் திரும்பினால் "நான் போதுமான தைரியத்தோட இல்லையோ" என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொள்கிறார். அழுகையை மறைக்கிறார், பேச்சு நிற்கிறது, பேச்சு நின்றால் யோசனையும் அங்கேயே நிற்கிறது. கணவர் கேட்கக்கூடியது, "இன்னைக்கு எப்படி இருக்கு? கேக்கட்டுமா, இல்ல ஏதாவது செய்யட்டுமா?" அம்மாவோ அக்காவோ சொல்லக்கூடியது, "நீ எதையும் நல்லதா மாத்திச் சொல்ல வேண்டாம் எனக்கு." உதவியும் குறிப்பாக இருக்க வேண்டும். "எது வேணும்னாலும் சொல்லு" என்றால் யாரும் சொல்வதில்லை. "வியாழக்கிழமை பிள்ளைகளை ஸ்கூல்லேர்ந்து நான் கூட்டிட்டு வர்றேன்" என்றால் மறுப்பதில்லை. துணைவருக்கும் பயமும் மாற்றமும் உண்டு என்பதை மேனின் ஆய்வு காட்டியது. அவரிடம் யாரும் கேட்பதில்லை என்பது தனிக் குறை.

எப்போது வேறு உதவி தேவை

சில சமயம் மனம் முன்னேறாமல் நிற்பதற்குக் காரணம் மனத்தில் இருக்காது. ஹார்மோன் மாத்திரையால் ராத்திரியில் உடல் கொதித்து வியர்க்கும், தூக்கம் நாலு துண்டாகும், பகலில் எல்லாமே இருட்டாகத் தெரியும். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதையே செய்யும். இவற்றை முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். ஹார்மோன் மாத்திரைகளில் ஒன்றான தமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்கள் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தால் புற்றுநோய் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பராக்ஸெடின், ஃப்ளுவாக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் தமாக்ஸிஃபென் உடலில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கக்கூடும். வேறு மருந்துகள் இருக்கின்றன. தானாக நிறுத்துவதும் கூடாது.

பல மருத்துவமனைகளில் 0 முதல் 10 வரை குறிக்கும் மன உளைச்சல் அளவுகோலைக் கொடுக்கிறார்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் விரிவாக விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் ஈடுபாடின்மை, தூக்கமும் பசியும் கெடுவது, "நான் பாரம்" என்ற எண்ணம் இருந்தால் அதற்குத் தேவை சிகிச்சை. வளர்ச்சி பற்றிய பேச்சைத் தள்ளிவைக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். செக்கப் நெருங்கும்போது பயம் ஏறி, முடிவு வந்ததும் இறங்குவது இயல்பு. இறங்காமல் தினமும் மார்பைத் தடவித் தடவிப் பார்ப்பதோ, பயத்தில் செக்கப்பையே தவிர்ப்பதோ இருந்தால், மறுபடி வருமோ என்ற பயத்துக்கென்றே உள்ள உளவியல் பயிற்சிகளைக் கேட்டுப் பெறலாம்.

நோய் எலும்புக்கோ கல்லீரலுக்கோ பரவியவர்களிடம் இந்தப் பேச்சு முழுக்க வேறு. அவர்களுக்கு "சிகிச்சைக்குப் பிறகு" என்ற காலமே இல்லை; சிகிச்சை தொடர்ந்துகொண்டே இருக்கும். நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் வில்லியம் பிரைட்பார்ட், வாழ்வின் அர்த்தத்தைப் பற்றி எழுதிய மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கலின் சிந்தனையை அடிப்படையாக வைத்து, முற்றிய புற்றுநோய் உள்ளவர்களுக்காக ஒரு உளசிகிச்சையை உருவாக்கினார். தனியாளுக்கு 7 அமர்வு, குழுவுக்கு 8. அங்கே கேட்கப்படுவது "என்ன கற்றுக்கொண்டீர்கள்?" அல்ல. எங்கிருந்து வந்தீர்கள், எதைச் செய்து வாழ்ந்தீர்கள், யாரை நேசித்தீர்கள், எதை விட்டுச் செல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்கிறார்கள். திட்டமும் ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் இடைப்பட்ட மாதங்களுக்குள் அடங்கும்படி போடப்பட வேண்டும்: இந்த மூன்று மாதத்தில் யாரைப் பார்ப்பது, எந்த வேலையை முடிப்பது, வலி கூடினால் யாரைக் கூப்பிடுவது. வலி நிவாரணக் குழுவை இறுதி நாட்களுக்கென்று ஒதுக்கிவைக்காமல் நோய் பரவியது தெரிந்ததுமே சேர்த்துக்கொண்டால், இந்தத் திட்டத்தை நிறைவேற்ற உடம்பு இடம் கொடுக்கும்.